என்னைச் சும்மா விடும் இயங்குதளம் எது?

இயங்குதளங்களை ஒப்பிட்டு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வேகத்தை அளக்கிறார்கள். எத்தனை நொடியில் திறந்தது, எத்தனை ஜிபி ரேம் தின்றது என்று. எனக்கு அதனால் பெரிய பயன் இருந்ததில்லை. நான் செய்வது மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும். கணினியைத் திறந்தால் ஒரு வேர்டு கோப்பு, ஒரு பிடிஎஃப், பிரவுசரில் அகராதியும் மின்னஞ்சலும் இன்னும் பத்துப் பதினைந்து டேப்களும், பின்னணியில் பாட்டு. இதைச் செய்யத் திணறும் இயங்குதளம் இன்று எதுவும் கிடையாது. அதனால் நான் பார்ப்பது வேறு: வேலைக்கு நடுவே இது எத்தனை தடவை குறுக்கே வருகிறது? வந்தால், என் வேலைக்காக வருகிறதா, அதன் வேலைக்காக வருகிறதா?

என் மேசையில் மூன்றும் இருக்கின்றன. விண்டோஸ் 11 ஓடும் ஒரு மடிக்கணினி, ஒரு மேக்புக் ஏர், லினக்ஸ் மின்ட் போட்ட ஒரு பழைய மடிக்கணினி. போதாததற்குக் குடும்பத்தில் யாருடைய கணினி முரண்டு பிடித்தாலும் அழைப்பு எனக்குத்தான் வரும். ஆகவே மற்றவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதும் ஓரளவு தெரியும்.

முதலில் விண்டோஸ். இந்தக் கேள்வியே பலருக்கு இப்போது எழக் காரணம் அதுதான். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அன்றோடு கணினி நின்றுவிடவில்லை, பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதுதான் நின்றது. வீட்டுப் பயனர்களுக்கென்று ஓராண்டு நீட்டிப்புத் திட்டம் ஒன்றை அறிவித்தார்கள். அதில் சேரவும் மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். சரி, 11க்கு ஏறிவிடலாம் என்றால் அங்கே வேறு வாசல். டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு வேண்டும், செக்யூர் பூட் வசதி வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலி வேண்டும். எட்டாம் தலைமுறை 2017இல்தான் வந்தது. அதாவது 2016இல் நல்ல விலை கொடுத்து வாங்கிய, இன்றும் அலுங்காமல் ஓடுகிற ஒரு கணினி ‘தகுதியற்றது’ ஆகிவிடுகிறது. வன்பொருளில் பழுது ஒன்றும் இல்லை. பட்டியலில் பெயர் இல்லை, அவ்வளவுதான். குறுக்கு வழியில் 11ஐ ஏற்றுகிறவர்களும் உண்டு. ஆதரிக்கப்படாத கணினிக்கு இனி வரும் புதுப்பிப்புகள் கிடைக்கும் என்று உறுதி இல்லை என்பதை மைக்ரோசாஃப்டே சொல்லிவிட்டது. வேலைக் கணினியில் அதை நான் செய்ய மாட்டேன்.

விண்டோஸின் பெரிய பலத்தை அதைத் திட்டுகிறவர்கள் சொல்வதே இல்லை. பழையதை அது கைவிடாது. இருபது ஆண்டுகளுக்கு முன் எழுதிய 32-பிட் நிரல்கள் பல விண்டோஸ் 11இல் இன்றும் திறக்கின்றன. பாமினி எழுத்துருவில் அடித்து, எப்போதோ நின்றுபோன பேஜ்மேக்கரில் வடிவமைத்த கோப்புகளை அனுப்புகிறவர்கள் என் தொழிலில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களோடு வேலை செய்யும்வரை வீட்டில் ஒரு விண்டோஸ் கணினி இருந்தால்தான் தலைவலி குறைவு. ஆப்பிள் நேர் எதிர்: 2019இல் வந்த கேட்டலினா பதிப்போடு 32-பிட் நிரல்களை மொத்தமாக நிறுத்திவிட்டது.

ஆனால் விண்டோஸ் 11 பேசிக்கொண்டே இருக்கிறது. பேருந்தில் நாம் புத்தகத்தை விரித்த பிறகும் பேச்சை நிறுத்தாத பக்கத்து இருக்கைக்காரர் போல. ஸ்டார்ட் மெனுவில் பரிந்துரை, செட்டிங்ஸின் முதல் பக்கத்தில் சந்தா விளம்பரம், விட்ஜெட் பலகையில் கேட்காத செய்திகள், வேறு பிரவுசரைத் தேடப்போனால் எட்ஜே போதுமே என்று ஒரு வேண்டுகோள். சில புதுப்பிப்புகளுக்குப் பிறகு ‘உங்கள் கணினியை அமைத்து முடிப்போம்’ என்று முழுத்திரையில் வருகிறது. நான் எப்போதோ அமைத்து முடித்த கணினி அது!

இதில் பெரும்பகுதியை நிறுத்த முடியும் என்பது பலருக்குத் தெரியாது. செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் நோட்டிஃபிகேஷன்ஸ், அந்தப் பக்கத்தின் அடியில் ‘அடிஷனல் செட்டிங்ஸ்’ என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். திறந்தால் சில டிக் குறிகள். எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பிறகு பர்சனலைசேஷனில் ஸ்டார்ட் பக்கத்துக்குப் போய்ப் பரிந்துரைகளை அணையுங்கள். கால்வாசி சத்தம்தான் மிஞ்சும். இதெல்லாம் முதலிலேயே அணைந்திருக்க வேண்டியவை என்பது என் கருத்து. காசு கொடுத்து வாங்கிய பொருளுக்குள் விளம்பரம் எதற்கு?

மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குடும்பத்திலிருந்து வரும் அழைப்புகளில் ‘என் ஃபைல் எங்கே போச்சு’ என்பது தனி ரகம். ஒன்டிரைவின் ஃபோல்டர் பேக்கப் ஆன் ஆகிவிட்டால் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் ஒன்டிரைவின் ஃபோல்டருக்குள் நகர்ந்துவிடும். இலவச இடமோ 5 ஜிபி. படங்கள் நிறைய வைத்திருப்பவருக்கு அது சீக்கிரமே நிரம்பும், அப்புறம் இடம் வாங்கச் சொல்லி அறிவிப்புகள் தொடங்கும். மேகத்தில் பிரதி வைப்பது நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. கணினியை முதல்முறை அமைக்கும்போது வருகிற பக்கங்களை அவசரத்தில் ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று தள்ளாமல் நின்று படித்தால் போதும்.

அதே அமைப்பில் இன்னொன்றும் நடக்கிறது. புதிய கணினிகள் பலவற்றில் வட்டு தானாகவே பூட்டப்படுகிறது, அதாவது குறியாக்கம் செய்யப்படுகிறது. மீட்புச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் போய் உட்காருகிறது. மடிக்கணினி திருட்டுப் போனால் உள்ளே இருப்பதை யாரும் படிக்க முடியாது, நல்லது. ஆனால் பயாஸில், அதாவது கணினி தொடங்கும்போதே ஓடும் அடிப்படை அமைப்பில், கை வைத்தாலோ மதர்போர்டு மாற்றினாலோ அந்த 48 இலக்கச் சாவியைக் கேட்கலாம். இன்றே உங்கள் கணக்கில் நுழைந்து அதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் வேறெதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

மேக் பக்கம் வருகிறேன். 2020 நவம்பரில் எம்1 சில்லோடு வந்த மேக்புக் ஏரும் அதன் பின் வந்தவையும் மின்விசிறி இல்லாதவை. சத்தமே கிடையாது. மூடி வைத்துவிட்டு மறுநாள் திறந்தால் பேட்டரி ஏறக்குறைய விட்ட இடத்திலேயே இருக்கிறது, விட்ட வரியிலேயே கர்சர் துடிக்கிறது. ‘தூங்கி எழுவது’ என்ற இந்த ஒரு விஷயத்தில் மற்ற இரண்டும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. மெய்ப்புத் திருத்துபவருக்கு மேக்கோடு வரும் ப்ரிவ்யூ நிரல் ஒன்றே போதும்: பிடிஎஃப்பில் குறிப்பு எழுதலாம், பக்கங்களை இழுத்து இடம் மாற்றலாம், கையெழுத்துப் போடலாம், தனியாக எதுவும் வாங்க வேண்டாம். கோப்பைத் தேர்ந்து ஸ்பேஸ் பாரைத் தட்டினால் திறக்காமலே உள்ளே எட்டிப் பார்க்கலாம். ஒரு புற வட்டைச் செருகி, உள்ளேயே இருக்கும் பேக்கப் கருவியான டைம் மெஷினுக்குக் காட்டிவிட்டால் பேக்கப் பற்றி நினைக்கவே வேண்டாம். தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைப்பலகைகளும் உள்ளேயே வருகின்றன. எழுத்துருக்களும் கண்ணுக்கு இதமானவை.

விண்டோஸிலிருந்து போகிறவருக்குக் கை பழகக் கொஞ்ச நாள் பிடிக்கும். சிவப்புப் பொத்தானை அழுத்தினால் சன்னல் மூடும், பெரும்பாலான நிரல்கள் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். கோப்பை வெட்டி ஒட்ட, முதலில் காப்பி, பிறகு கமாண்ட்டோடு ஆப்ஷனையும் சேர்த்து அழுத்தி ஒட்ட வேண்டும். விண்டோஸில் பயன்படுத்திய புற வட்டைச் செருகினால் படிக்க மட்டும் முடிகிறது, எழுத முடியவில்லை. விண்டோஸ் வட்டுகளில் வழக்கமான என்டிஎஃப்எஸ் அமைப்பில் எழுதுவதை மேக் தானாக ஆதரிப்பதில்லை. இரண்டு பக்கமும் புழங்கும் வட்டை எக்ஸ்ஃபேட் அமைப்பில் ஃபார்மட் செய்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பது அழியும், முதலில் வேறு எங்காவது நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

மேக் குறுக்கே வருவது குறைவு. வந்தால் கதவைச் சாத்தத்தான் வரும். ஆப் ஸ்டோருக்கு வெளியே, ஆப்பிளிடம் பதிவு செய்யாத ஒருவர் எழுதிய சின்ன நிரலைத் திறக்க 2024இல் வந்த செக்கோயா பதிப்பு முதல் செட்டிங்ஸுக்குள் போய்த் தனியாக அனுமதி கொடுக்க வேண்டியிருக்கிறது. முன்பு வலது கிளிக்கில் முடிந்த காரியம். பாதுகாப்புக்கு நல்லதுதான். சிறு நிரல்களை நம்பி வேலை செய்கிறவருக்கு எரிச்சல்.

அப்புறம், மேக்புக்கின் ரேமை வாங்கிய பிறகு கூட்ட முடியாது. வாங்கும் நாளிலேயே அடுத்த ஐந்தாறு ஆண்டுகளுக்கான தேவையை ஊகித்து, ஆப்பிள் சொல்லும் விலையில் சேர்த்து வாங்க வேண்டும். அந்த விலை நியாயமானது என்று நான் சொல்ல மாட்டேன். பழைய இன்டெல் மேக் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் யோசியுங்கள். 2025இல் வந்த டஹோதான் இன்டெல் மேக்குகளுக்கான கடைசிப் பதிப்பு, அதுவும் சில மாடல்களுக்கு மட்டும். டஹோவின் கண்ணாடி போன்ற புதுத் தோற்றம் எனக்குப் பிடிக்கவில்லை. எழுத்துக்குப் பின்னால் எழுத்து தெரிந்தால் மெய்ப்புப் பார்ப்பவர் கண் என்ன ஆகும்? அக்சஸிபிலிட்டியில் ‘ரெட்யூஸ் டிரான்ஸ்பரன்சி’ என்பதை ஆன் செய்துவிட்டுத்தான் வேலை பார்க்கிறேன்.

இனி லினக்ஸ். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் விண்டோஸ் 10 கணினியை வைத்துக்கொண்டு விழிப்பவர்களுக்கு உண்மையான வாய்ப்பு இதுதான்.

லினக்ஸ் என்று கேட்டதும் கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கும் காட்சிதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய அந்தக் கருவின் மேல் இன்று நூற்றுக்கணக்கான விநியோகங்கள், அதாவது கருவோடு தேவையான நிரல்களைச் சேர்த்துத் தரும் தொகுப்புகள், இருக்கின்றன. எது சிறந்தது என்று அவர்களுக்குள் ஒரு முடிவில்லாத வாக்குவாதம். அதற்குள் நுழையாதீர்கள். புதிதாக வருகிறவர் லினக்ஸ் மின்டின் சினமன் பதிப்பைப் போட்டுக்கொள்ளலாம். 2006இலிருந்து வருகிறது. கீழே டாஸ்க்பார், இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம். விண்டோஸ் 7ஐப் பழகிய கைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மின்ட் 22, உபுண்டு என்ற இன்னொரு விநியோகத்தின் 24.04 பதிப்பின் மேல் கட்டியது, 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. 4 ஜிபி ரேமில் தாங்கும், 8 இருந்தால் சுகமாக ஓடும். பழைய சுழல் வட்டை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி போட்டால் வேறு கணினி போல இருக்கும். ஃபெடோராவும் நல்ல சரக்குதான், ஆனால் ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறத்தாழ 13 மாதங்கள்தான் ஆதரவு. அடிக்கடி ஏறிக்கொண்டே இருக்க வேண்டும்.

என் அளவுகோலில் மின்ட் முதலில் நிற்கிறது. இது எதையும் விற்க வருவதில்லை. புதுப்பிப்பு இருந்தால் ஓரத்தில் ஒரு கேடயச் சின்னம், அவ்வளவுதான். எது, எப்போது என்பதை நான் முடிவு செய்கிறேன். தானாக மறுதொடக்கம் செய்யாது. டைம்ஷிஃப்ட் என்ற கருவி உள்ளேயே இருக்கிறது. அமைத்துவிட்டால் கணினியின் நிலையைப் பிரதி எடுத்து வைக்கும், ஏதாவது கெட்டுப்போனால் முந்தைய நிலைக்குத் திரும்பலாம். அது காப்பது இயங்குதளத்தை மட்டும், உங்கள் படங்களுக்கும் கோப்புகளுக்கும் தனி பேக்கப் வேண்டும்.

மாமாவின் பழைய கணினியில் மின்ட் போட்டுக் கொடுத்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி: “இதுல ஆன்டிவைரஸ் எங்கம்மா இருக்கு?”

“வேண்டாம் மாமா. நீங்க பார்க்கிற வேலைக்கு அது இல்லாமலே ஓடும்.”

“அப்போ ‘உங்கள் கணினி ஆபத்தில்’னு ஓரத்துல வருதே?”

பார்த்தால் அது பிரவுசர் அறிவிப்பு. ஏதோ ஒரு தளம் கேட்டபோது ‘அலவ்’ கொடுத்திருக்கிறார். எந்த இயங்குதளத்துக்குப் போனாலும் இது கூடவே வரும். பிரவுசரின் செட்டிங்ஸில் அறிவிப்பு அனுமதிகளைப் பார்த்து நீக்க வேண்டும், நீக்கினேன். அதன் பிறகு அவரிடமிருந்து வரும் அழைப்புகள் கணினியைப் பற்றியவை அல்ல, சதுரங்கத்தைப் பற்றியவை.

தமிழ் தட்டச்சில்தான் லினக்ஸ் கொஞ்சம் வேலை வைக்கிறது. தட்டச்சுக் கருவியான ஐபஸ், அதோடு எம்17என் என்ற விசைப்பலகைத் தொகுப்பு இரண்டையும் சாஃப்ட்வேர் மேனேஜரில் நிறுவி, வெளியேறி மீண்டும் உள்நுழைந்து, பிறகு பட்டியலில் தமிழ்99ஐயோ ஒலிபெயர்ப்பு முறையையோ சேர்க்க வேண்டும். ஒரு தடவை செய்தால் போதும். ஆனால் சேர்க்கும்வரை யாரும் சொல்லித்தர மாட்டார்கள். விண்டோஸில் மொழியைச் சேர்த்தாலே விசைப்பலகைகள் வந்துவிடுகின்றன.

என் தொழிலுக்கு உண்மையான இடர், லினக்ஸில் வேர்டுக்குப் பதிலாக இருக்கும் லிப்ரே ஆபீஸில் இருக்கிறது. 2010இல் ஓப்பன் ஆபீஸிலிருந்து பிரிந்து வந்தது, சொந்தமாகக் கடிதம் எழுத, கணக்குப் போட, பிடிஎஃப் ஆக்கத் தாராளமாகப் போதும். வேர்டில் இருவர் மாற்றி மாற்றித் திருத்தும் கோப்பு என்றால் கவனம். திருத்தக் குறிகள் ஒழுங்காக வருகின்றன. எழுத்துரு மாறிவிடுகிறது. நிர்மலா, லதா போன்ற எழுத்துருக்கள் மைக்ரோசாஃப்டுக்கு உரியவை, லினக்ஸில் வராது. அவற்றுக்குப் பதில் லோகித்தோ நோட்டோவோ வந்து உட்காரும். எழுத்தின் அகலம் மாறினால் வரி உடையும் இடம் மாறும், பக்க எண் மாறும், பொருளடக்கம் பொய்யாகும். ஆங்கில ஆவணங்களில் இந்தத் தொல்லை குறைவு, கேலிப்ரிக்கு இணையான அகலத்தில் கார்லிட்டோ இருக்கிறது. தமிழுக்கு அப்படி ஒரு இரட்டை இல்லை. அச்சுக்குப் போகும் கோப்பை நான் லினக்ஸில் முடிப்பதில்லை. வரைவு வரை அங்கே, கடைசிப் பார்வை விண்டோஸில்.

வேறு யாருக்கு லினக்ஸ் ஆகாது? ஃபோட்டோஷாப்பை நம்பிப் பிழைப்பவருக்கு. அதன் லினக்ஸ் பதிப்பு கிடையாது. இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் சில விளையாட்டுகளை ஆடுகிறவருக்கு. வால்வ் நிறுவனம் 2018இல் கொண்டுவந்த புரோட்டான் என்ற கருவியால் ஏராளமான விண்டோஸ் விளையாட்டுகள் லினக்ஸில் ஓடுகின்றன, ஆனால் வேலரன்ட், ஃபோர்ட்நைட் மாதிரியானவை அவற்றின் மோசடித் தடுப்பு நிரல் காரணமாக ஓடாது. வீட்டிலிருந்து தேர்வு எழுதும் மாணவரும் கவனிக்க வேண்டும், கண்காணிப்பு மென்பொருள்கள் பலவும் விண்டோஸையும் மேக்கையும் மட்டுமே கேட்கின்றன. கைரேகை உணரி சில மாடல்களில் வேலை செய்யாது.

பிரிண்டர் பற்றிய பயம் பழையது. வைஃபை வழியே ஏர்ப்பிரிண்ட் ஆதரிக்கும் பிரிண்டர்கள் பெரும்பாலும் டிரைவர் இல்லாமலே லினக்ஸில் தானாகத் தெரிகின்றன. மேக்கும் லினக்ஸும் அச்சிடுவதற்குப் பயன்படுத்துவது கப்ஸ் என்ற ஒரே அமைப்பைத்தான்.

லினக்ஸில் எனக்குப் பிடித்தது, நிறுவும் முன் ஓட்டிப் பார்க்கலாம் என்பது. மின்டை ஒரு யூஎஸ்பியில் எழுதி அதிலிருந்தே கணினியைத் தொடங்குங்கள். வட்டில் எதுவும் மாறாது. வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, கேமரா, புளூடூத், பிரிண்டர், மூடியை மூடித் திறந்தால் எழுகிறதா என்று பாருங்கள். எழவில்லை என்றால் நிறுவாதீர்கள். தூக்கத்திலிருந்து எழாத மடிக்கணினியோடு குடித்தனம் நடத்த முடியாது. விண்டோஸை வைத்துக்கொண்டே பக்கத்தில் நிறுவப் போகிறீர்கள் என்றால் மேலே சொன்ன 48 இலக்கச் சாவி கையில் இருக்க வேண்டும், வட்டைப் பிரிக்கும்போது அது கேட்கப்படலாம். இணையத்தில் கிடைக்கும் கட்டளைகளை என்ன செய்கின்றன என்று தெரியாமல் டெர்மினலில் ஒட்டாதீர்கள், முக்கியமாக சூடோ என்று தொடங்குபவற்றை, அவை நிர்வாகி அதிகாரத்தோடு ஓடும்.

கூகுளின் குரோம் ஓஎஸ் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பிரவுசரே உலகம் என்பவருக்கு அது போதும், தொந்தரவும் மிகக் குறைவு. அது ஓடும் மடிக்கணினிகளான குரோம்புக்குகளில் 2021 முதல் வந்த மாடல்களுக்குப் பத்தாண்டுப் புதுப்பிப்பு உண்டு. பழைய கணினியில் போட குரோம் ஓஎஸ் ஃப்ளெக்ஸ் இருக்கிறது, அதில் ஆண்ட்ராய்டு செயலிகள் வராது. என்னைப் பொறுத்தவரை அந்த இடத்தில் மின்ட் மேல்.

என் தீர்ப்பு இது. பணம் தடையில்லை, பழைய மென்பொருள் பாரம் இல்லை என்றால் மேக். குறிப்பிட்ட ஒரு நிரல் உங்கள் பிழைப்பைப் பிடித்து வைத்திருந்தால் விண்டோஸ், வாதமே வேண்டாம். கையில் இருப்பது விண்டோஸ் 11 ஏற்காத கணினி, செய்வது பிரவுசரும் கடிதமும் படங்களும் என்றால் மின்ட்.

தயக்கமாக இருந்தால் ஒரு வழி. இயங்குதளத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். இருக்கும் விண்டோஸிலேயே ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர், மின்னஞ்சலுக்குத் தண்டர்பேர்டு, லிப்ரே ஆபீஸ், படமும் பாட்டும் ஓட்ட விஎல்சி நான்கையும் நிறுவி, ஒரு மாதம் அவற்றை மட்டும் பயன்படுத்துங்கள். நான்குமே லினக்ஸில் இதே முகத்தோடு இருக்கும். மாதக் கடைசியில் வேர்டைத் தேடவில்லை என்றால் யூஎஸ்பியை எடுங்கள். கை வேர்டுக்கே போகிறது என்றால் அதற்கும் லினக்ஸில் பிரவுசர் வழி ஒன்று உண்டு, வேர்டின் இணையப் பதிப்பு. சின்னக் கோப்புகளுக்குத் தாங்கும். முந்நூறு பக்கக் கையெழுத்துப் பிரதியை அதில் திருத்த என்னால் முடியாது, அதனால்தான் அந்த விண்டோஸ் மடிக்கணினி இன்னும் மேசையை விட்டுப் போகவில்லை.